எட்டரை மணிக்குப் படுக்காதீர்கள்

கேள்வி:

டாக்டர் அம்மாவுக்கு வணக்கம். எனக்கு வயசு 46. பாலக்கோடு பக்கம் ஒரு கொட்டாயில இருக்கோம். ரெண்டு ஏக்கர் மல்பெரி வெச்சு பட்டுப்புழு வளர்க்கறோம். போன ஐப்பசியில ஒரு பேட்ச்சு, கூடு கட்ட நாலு நாள் இருக்கறப்போ பால் புழு நோய் வந்து மொத்தமும் போச்சு. குழி வெட்டி, சுண்ணாம்பு போட்டு, புழுவை எல்லாம் நானேதான் அள்ளிக் கொட்டி மூடினேன். அன்னிக்கு ராத்திரி போன தூக்கம், பத்து மாசம் ஆவுது, இன்னும் வர்ல.

எட்டரைக்கெல்லாம் சாப்பிட்டுப் படுத்துடறேன், சீக்கிரம் படுத்தாலாவது வரும்னு. பன்னெண்டு ஆவும், ஒண்ணு ஆவும், புரண்டுகிட்டே கெடப்பேன். பையன் ஓசூர்ல கம்பெனி வேலை. நைட் ஷிப்டு வாரத்துல போன் தலைகாணிக்கு அடியிலேயே இருக்கும், எடுத்து எடுத்து மணி பாப்பேன். புழு இருக்கற நாள்ல டார்ச் எடுத்துக்கிட்டு ரெண்டு மூணு தடவை ஷெட்டுக்குப் போய்ப் பாத்துட்டு வருவேன். காலு ரெண்டும் குடையும், எழுந்து நடந்தா தேவலாம் போல இருக்கும். எப்பவோ கண்ணு மூடினா மூணு மணிக்கு முழிப்பு வந்துடும். அப்புறம் கோழித்தூக்கந்தான், ஆறு மணி வரைக்கும் படுத்தே கெடப்பேன். மத்தியானம் திண்ணையில சாஞ்சா ரெண்டு மணி நேரம் அடிச்சுப் போட்டாப்ல தூங்கறேன். தலை பாரம், யாரு பேசினாலும் கோவம். ஒரு நாளைக்கு அஞ்சாறு டீ குடிச்சாதான் நிக்க முடியுது. பி.பி. மாத்திரை ஒண்ணு போடறேன்.

தெரிஞ்ச மெடிக்கல்ல அல்பிராசோலம்னு 0.25 மாத்திரை குடுத்தாங்க. அரை போட்டேன், அப்புறம் ஒண்ணு, இப்ப ரெண்டு போட்டும் வேலைக்கு ஆவல. ஒரு நாள் விட்டா கை நடுங்குது. கோளாறுன்னு சொல்லிக் கயிறு கட்டிட்டு வந்தாங்க. வீட்டுக்காரர் தருமபுரி பெரியாஸ்பத்திரிக்குப் போலாம்ங்கறாரு. பொண்ணுக்கு வரன் பாக்கற நேரத்துல மனநல டாக்டர்கிட்ட போனா ஊரு என்ன பேசும்? இப்பிடியே போனா பைத்தியம் பிடிச்சுடுமா? சில நாள் விடியக்காலையில, இப்பிடியே கண்ணு மூடிட்டா நல்லாருக்கும்னு தோணுது.

பெயர் வேண்டாம், பாலக்கோடு வட்டம்

பதில்:

அன்புள்ள சகோதரி,

நீங்கள் கடைசியாக எழுதிய வரியைத்தான் நான் முதலில் எடுத்துக்கொள்கிறேன். மற்ற எல்லாம் அதற்குப் பிறகுதான்.

‘இப்படியே கண் மூடிவிட்டால் நன்றாக இருக்கும்’ என்று பத்து மாதம் தூங்காதவர் சொல்வதற்கு இரண்டு பொருள் உண்டு. ஒன்று, அசந்து தூங்கினால் போதும் என்ற ஏக்கம். இன்னொன்று, இனி இருந்து என்ன ஆகப் போகிறது என்ற சலிப்பு. எது உங்களுடையது என்று கடிதத்தைப் பார்த்து நான் சொல்ல முடியாது, உங்களுக்குத்தான் தெரியும். இரண்டாவது என்றால், ஒரு நாளும் தள்ளாதீர்கள். இதைப் படித்த கையோடு வீட்டுக்காரரிடம் அந்த வரியை அப்படியே சொல்லுங்கள். 14416 என்ற எண்ணுக்கு எந்த நேரமும் போன் செய்யலாம். அது அரசின் டெலி மானஸ் சேவை, 2022 அக்டோபரில் தொடங்கியது. தமிழில் பேசுவார்கள், காசு கிடையாது. விடியற்காலை மூன்று மணிக்கு அந்த நினைப்பு வந்தால் அந்த மூன்று மணிக்கே பேசலாம். வீட்டில் பூச்சி மருந்து வைத்திருந்தால் அது கொஞ்ச நாள் பூட்டுக்குள் இருக்கட்டும், சாவி அவரிடம் இருக்கட்டும். இதை எல்லாக் குடும்பத்துக்கும் சொல்கிறேன். மனம் சோர்ந்திருக்கிற நேரத்தில் கைக்கெட்டும் தூரத்தில் அது இருக்கக் கூடாது.

இனி உங்கள் பயத்துக்கு வருகிறேன். தூக்கம் வராததால் பைத்தியம் பிடிக்காது. பத்து மாதமாக விடிய விடிய அந்தப் பயத்தோடு படுத்திருக்கிறீர்களே, அதுவே உங்களை விழிக்க வைத்திருக்கிற காரணங்களில் ஒன்று. தூக்கமின்மை நீண்டு போனால் மனச்சோர்வு வருகிற வாய்ப்பு மற்றவர்களைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு ஆகிறது. அதனால்தான் இதை விட்டுவைக்கக் கூடாது என்கிறோம். அது வேறு, நீங்கள் பயப்படுவது வேறு.

உங்களுக்கு வந்திருப்பதற்குப் பெயர் நாள்பட்ட தூக்கமின்மை. மருத்துவத்தில் இதற்கு ஒரு கணக்கு வைத்திருக்கிறோம். படுக்க நேரமும் இடமும் இருந்தும் தூக்கம் பிடிக்க வெகுநேரம் ஆகிறது, அல்லது நடுவில் கலைகிறது, அல்லது விடியுமுன் முழிப்பு வந்து திரும்பப் பிடிப்பதில்லை. இது வாரத்தில் மூன்று ராத்திரியாவது நடக்கிறது, மூன்று மாதத்துக்கு மேல் நீடிக்கிறது, பகல் வேலையைக் கெடுக்கிறது. இவ்வளவும் சேர்ந்தால் அது நோய். கல்யாண வீட்டு அலைச்சலில் நாலு நாள் தூங்காமல் இருப்பது நோயல்ல. ஐந்து மணி நேரமே தூங்கிவிட்டு நாள் முழுக்கத் தெம்பாக வேலை செய்பவருக்கும் நோயில்லை. பகல் எப்படிப் போகிறது என்பதுதான் முக்கியம். உங்கள் பகல் தலை பாரத்திலும் கோபத்திலும் போகிறது. ஆகவே இது காத்துக் கருப்புக் கோளாறும் இல்லை, கண்ணேறும் இல்லை. கயிறு கையில் இருந்துவிட்டுப் போகட்டும், அதனால் கெடுதல் ஏதுமில்லை. ஆனால் வைத்தியத்தை அதற்காக நிறுத்தி வைக்காதீர்கள்.

இப்போது உங்கள் கடிதத்திலேயே இருக்கிற ஒரு கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். ராத்திரி எட்டரையிலிருந்து காலை ஆறு வரை பாயில் இருக்கிறீர்கள், ஒன்பதரை மணி நேரம். அதில் ஒரு மணி வாக்கில் கண் மூடி மூன்றுக்கு விழிக்கிறீர்கள், பிறகு கோழித்தூக்கம். எல்லாம் சேர்த்து நாலு, நாலரை மணி நேரம் தேறும். பகலில் திண்ணையில் இரண்டு மணி நேரம். ஆக, இருபத்து நாலு மணி நேரத்தில் உங்கள் உடம்பு ஆறு, ஆறரை மணி நேரத் தூக்கத்தை எடுத்துக்கொண்டுதான் இருக்கிறது. ‘பத்து மாதமாகத் தூக்கமே இல்லை’ என்று நீங்கள் சொல்வது பொய்யில்லை, உங்களுக்கு அப்படித்தான் இருக்கும். ஆனால் தூக்கம் ஊரை விட்டே போய்விடவில்லை. உடைந்து சிதறிக் கிடக்கிறது. ஒன்பதரை மணி நேரப் பாயில் நாலரை மணி நேரத் தூக்கம் என்றால் பாதிகூட இல்லை. மீதி ஐந்து மணி நேரம் நீங்கள் பாயில் செய்கிற வேலை, விழித்திருந்து கவலைப்படுவது. பத்து மாதமாகத் தினம் ஐந்து மணி நேரம் ஒரு வேலையை ஒரே இடத்தில் செய்தால் உடம்பு அதைப் பழகிக்கொள்ளும். பாயில் படுத்ததும் தூக்கம் வராமல் புரள்கிறீர்களே, திண்ணையில் சாய்ந்ததும் கண் செருகுகிறதே, அது இதனால்தான். திண்ணையில் நீங்கள் தூக்கத்தைத் தேடவில்லை, அதனால் வருகிறது.

ஆர்தர் ஸ்பீல்மன் என்ற அமெரிக்க உளவியலாளர் 1987-இல் தூக்கமின்மையை மூன்றாகப் பிரித்துச் சொன்னார். சிலருக்கு இயல்பிலேயே லேசான தூக்கம் இருக்கும், அது ஒன்று. தூக்கத்தைக் கெடுத்த சம்பவம் இரண்டாவது. கெட்ட தூக்கத்தைச் சரிக்கட்ட நாம் செய்கிற காரியங்கள் மூன்றாவது. நோய் மாதக்கணக்கில் நிலைத்திருப்பதற்குக் காரணம் பெரும்பாலும் இந்த மூன்றாவதுதான். தீ மூட்டியது போன ஐப்பசி. ஆனால் பத்து மாதமாக அதில் விழுகிற விறகு எட்டரை மணிப் படுக்கை, பகல் தூக்கம், அஞ்சாறு டீ, தலையணைக்கடியில் போன், டார்ச், மாத்திரை. ஐப்பசியை நம்மால் மாற்ற முடியாது. விறகை ஒவ்வொன்றாக எடுக்க முடியும்.

அதற்கு முன் அந்தப் பேட்ச்சைப் பற்றி ஒரு வார்த்தை. பால் புழு நோய் வைரஸால் வருவது. எவ்வளவு சுத்தமாக வைத்திருந்தாலும் சில நேரம் வந்துவிடுகிறது. கடைசிப் பருவத்தில், பணமும் உழைப்பும் முழுவதும் இறங்கிய பிறகு, அந்தப் புழுவை உங்கள் கையாலேயே குழியில் கொட்டினீர்கள். தழை தின்னும் சத்தம் தூறல் மாதிரி கேட்டுக்கொண்டிருந்த ஷெட் ஒரே நாளில் அமைதியாகிவிட்டது. அந்த ராத்திரி உங்களுக்குத் தூக்கம் வந்திருந்தால்தான் ஆச்சரியம். ராத்திரியில் நீங்கள் டார்ச்சோடு போவதும் அந்த அமைதியைக் கண்டு பயந்துதான் என்று நினைக்கிறேன். அது துக்கம். துக்கத்தை யாரிடமாவது பேசித் தீர்க்க வேண்டும், கடன் கணக்கோடு சேர்த்துப் பாய்க்குள் எடுத்துப் போகக் கூடாது.

சரி, என்ன செய்வது?

தூக்கத்தைப் பசி மாதிரி நினைத்துக்கொள்ளுங்கள். காலையில் எழுந்ததிலிருந்து மணிக்கு மணி தூக்கப் பசி ஏறுகிறது. சாயந்திரம் பலகாரம் தின்றுவிட்டு உட்கார்ந்தால் ராத்திரிக் களி இறங்குமா? மத்தியானம் இரண்டு மணி நேரம் தூங்குவது அப்படித்தான், ராத்திரிப் பசியைத் தின்றுவிடுகிறது. டீ இன்னொரு மாதிரி. அது பசியைத் தீர்ப்பதில்லை, பசி தெரியாமல் மறைக்கிறது. டீ, காபியில் உள்ள கஃபீனில் பாதி உடம்பை விட்டுப் போகவே ஏறக்குறைய ஐந்து மணி நேரம் பிடிக்கும். சாயந்திரம் ஆறு மணிக்குக் குடித்த டீ பதினொரு மணிக்கும் பாதி உள்ளே இருக்கிறது. காலையில் இரண்டு டீ குடியுங்கள். மத்தியானத்துக்கு மேல் வேண்டாம். ஒரேயடியாக விட்டால் இரண்டு மூன்று நாள் தலை வலிக்கும், ஒரு வாரத்தில் ஒவ்வொன்றாகக் குறையுங்கள். வெற்றிலையோடு புகையிலை போடுகிற பழக்கம் இருந்தால் அதுவும் தூக்கத்துக்கு எதிரிதான்.

அடுத்து, நீங்கள் நம்ப மறுக்கப் போகிற யோசனை. எட்டரைக்குப் படுக்காதீர்கள். பதினொரு மணிக்குப் படுங்கள், காலை ஐந்துக்கு எழுந்துவிடுங்கள். ராத்திரி தூங்கினாலும் தூங்காவிட்டாலும் ஐந்து ஐந்துதான். பகலில் தூங்க வேண்டாம். ‘தூக்கமே இல்லாதவளை இன்னும் குறைவாகப் படுக்கச் சொல்கிறாரே’ என்று தோன்றும். உடம்பு எடுத்துக்கொள்கிற ஆறு மணி நேரத்தை மூன்று இடத்தில் சிதற விடாமல் ஒரே இடத்தில் கட்டுகிறோம், அவ்வளவுதான். காலைத் தழையை வெயிலுக்கு முன் அறுக்க வேண்டும் என்பதால் ஐந்து மணி உங்கள் வேலைக்கும் பொருந்தும். விடிந்ததும் வெளி வெளிச்சத்தில் நில்லுங்கள். உடம்பின் கடிகாரத்துக்குச் சாவி கொடுப்பது காலை வெளிச்சம்தான்.

முதல் பத்து நாள் கஷ்டமாக இருக்கும். சாயந்திரம் ஏழு மணிக்கே கண் சொக்கும். அப்போது சாய்ந்துவிட்டால் எல்லாம் வீண், எழுந்து நடங்கள், ராத்திரித் தழையை நீங்களே போடுங்கள். அந்த நாட்களில் அரிவாள் பிடிக்கும்போது கவனம், வண்டி ஓட்ட வேண்டாம். ஆகவே ஒரு பேட்ச் முடிந்து ஷெட் கழுவிக் காய விடுகிற இடைவெளியில் தொடங்குங்கள், புழு கடைசிப் பருவத்தில் இருக்கும்போது வேண்டாம். ஒரு வாரம் பார்த்து, படுத்த நேரத்தில் நூற்றுக்கு 85 பங்குக்கு மேல், அதாவது ஆறு மணி நேரத்தில் ஐந்து மணி நேரத்துக்குமேல் தூங்குகிறீர்கள் என்றால், படுக்கும் நேரத்தைக் கால் மணி நேரம் முன்னால் கொண்டு வாருங்கள், பத்தே முக்கால். அடுத்த வாரம் அதே கணக்கில் பத்தரை. உடம்புக்குப் போதும் என்கிற இடத்தில் அது தானாக நின்றுகொள்ளும். பெரியவர்களுக்கு ஏழு மணி நேரம் நல்லது என்கிறோம். எட்டு மணி நேரம் என்று ஊரில் சொல்வதைப் பிடித்துக்கொண்டு கவலைப்பட வேண்டாம்.

இதைத் தானாக யாரும் தொடங்கிவிட வேண்டாம் என்று மற்ற வாசகர்களுக்கும் சொல்ல வேண்டும். வலிப்பு உள்ளவர்கள், ஒரு காலத்தில் தூக்கமே தேவையில்லாமல் அதிக உற்சாகமும் பேச்சுமாக இருந்தவர்கள், ராத்திரி லாரி ஓட்டுபவர்கள், பெரிய மெஷினில் நிற்பவர்கள் ஆகியோருக்குத் தூக்கத்தைக் குறைப்பது ஆபத்து. நீங்களும் மாத்திரையில் இருப்பதால், ஒரு முறை மருத்துவரை நேரில் பார்த்துவிட்டுத் தொடங்குங்கள். பகல் தூக்கத்தையும் டீயையும் மட்டும் நாளைக்கே குறைக்கலாம்.

படுத்துக் கொஞ்ச நேரம், குத்துமதிப்பாகக் கால் மணி நேரம் ஆகியும் தூக்கம் வரவில்லை என்றால் பாயில் கிடக்காதீர்கள். எழுந்துவிடுங்கள். ‘ஒரே அறை, அதில் நாலு பேர் படுத்திருக்கிறோம், எழுந்து எங்கே போவது’ என்று இங்கே வருகிற பெண்கள் கேட்பார்கள். வெளியே போக வேண்டியதில்லை. பாயை விட்டு இறங்கி, சுவரோரம் மணை போட்டு உட்கார்ந்தால் போதும். மங்கலான விளக்கில் புளியங்கொட்டை எடுங்கள், நிலக்கடலை உடையுங்கள். மனசுக்கு வேலையில்லாத கை வேலையாக இருக்கட்டும். கண் சொக்கும்போது போய்ப் படுங்கள். மறுபடி வரவில்லையா, மறுபடி எழுந்திருங்கள். மூன்று மணிக்கு முழிப்பு வந்தாலும் இதேதான். ராத்திரியில் நாலைந்து முறை லேசாக முழிப்பது எல்லாருக்கும் உண்டு, பின்ராத்திரித் தூக்கமே இலேசானது. முழித்ததும் போனை எடுத்து மணி பார்த்து, ‘ஐயோ, இன்னும் மூணு மணி நேரந்தான் இருக்கு’ என்று கணக்குப் போடும்போதுதான் தூக்கம் ஓடிப் போகிறது.

ஆகவே போன் தலையணைக்கடியில் இருக்கக் கூடாது. உங்கள் வீட்டுக்காரர் பக்கம், எதிர்ச் சுவரோரம் இருக்கட்டும். பையனுக்கு அவசரம் என்றால் அவர் எடுத்துப் பேசுவார். ஷிப்டு முடிந்து காலையில் ஒரு செய்தி போட்டால் போதும் என்று பையனிடம் சொல்லுங்கள். டார்ச் வேலையும் அப்படியே. கடைசித் தழையைப் போட்டுவிட்டு ஷெட்டை ஒரு தடவை சுற்றிப் பார்த்துக் கதவைச் சாத்தினால், அதற்கப்புறம் விடிகிற வரை ஷெட் வீட்டுக்காரர் பொறுப்பு. புழு தோல் உரிக்கிற நாளில் தலையைத் தூக்கிக்கொண்டு அசையாமல் இருக்கும். அப்போது நீங்கள் என்ன செய்கிறீர்கள்? தழை போடுவதில்லை, தொடுவதில்லை, சுண்ணாம்புத் தூள் தூவிவிட்டு வெளியே வந்துவிடுகிறீர்கள். எத்தனை தடவை எட்டிப் பார்த்தாலும் அது சீக்கிரம் எழாது என்று உங்களுக்குத் தெரியும். தூக்கத்தையும் அப்படி விட வேண்டும்.

கவலைக்கு ஒரு நேரம் ஒதுக்குங்கள். சாயந்திரம் அரை மணி நேரம், வெளிச்சம் இருக்கும்போதே. கடன் எவ்வளவு, அடுத்த பேட்ச்சுக்கு முட்டைத் தொகுதி எத்தனை, பெண்ணின் கல்யாணச் செலவு, எல்லாவற்றையும் வீட்டுக்காரரோடு உட்கார்ந்து பேசி நோட்டில் எழுதிவிடுங்கள். பாயில் அந்தக் கணக்கு வந்தால், அது நோட்டில் இருக்கிறது, நாளைச் சாயந்திரம் பார்த்துக்கொள்ளலாம்.

நான் இதுவரை சொன்னவை வீட்டு வைத்தியக் குறிப்பு அல்ல. தூக்கமின்மைக்கான அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை என்று இதற்குப் பெயர், சுருக்கமாக சி.பி.டி.-ஐ என்பார்கள். நாள்பட்ட தூக்கமின்மைக்கு முதல் சிகிச்சை இதுதான், மாத்திரை அதற்குப் பிறகுதான் என்று அமெரிக்க மருத்துவர்கள் கல்லூரி என்ற மருத்துவர் அமைப்பு 2016-இல் வழிகாட்டுதல் வெளியிட்டது. நாலு முதல் எட்டு முறை ஆலோசகரைப் பார்க்க வேண்டியிருக்கும்.

இனி மாத்திரை. அல்பிராசோலம் பதற்றத்துக்குக் கொஞ்ச நாள் கொடுக்கிற மருந்து. மருத்துவர் சீட்டில்லாமல் அதை விற்கவே கூடாது. 2014 மார்ச் முதல் அது எச்1 பட்டியலில் இருக்கிறது, வாங்கியவர் பெயரையும் எழுதிக் கொடுத்த மருத்துவர் பெயரையும் கடைக்காரர் தனிப் பதிவேட்டில் எழுதி மூன்று ஆண்டு வைத்திருக்க வேண்டும். அட்டையைத் திருப்பிப் பாருங்கள், சிவப்புக் கட்டத்துக்குள் எச்சரிக்கை இருக்கும். ‘தெரிஞ்சவங்க’ என்று கேட்டதும் எடுத்துக் கொடுப்பது உதவி இல்லை. எனக்கு இதில் கோபம் வருகிறது, உங்கள் மேல் இல்லை. அரை மாத்திரையில் தொடங்கி இரண்டுக்கு வந்திருக்கிறீர்கள், உடம்பு அதற்குப் பழகிவிட்டது. ஒரு நாள் விட்டால் கை நடுங்குவது அதன் அடையாளம்.

ஆனால் பயந்துபோய் இன்றைக்கே நிறுத்திவிடாதீர்கள். இதைத்தான் அடிக்கோடிட்டுச் சொல்ல விரும்புகிறேன். திடீரென்று நிறுத்தினால் தூக்கம் முன்னைவிட மோசமாகக் கெடும், பதற்றமும் நடுக்கமும் வரும், சிலருக்கு வலிப்பே வரும். மருத்துவர் வாரக்கணக்கில், கால் கால் மாத்திரையாக இறக்கிக் கொண்டு வருவார். அதுவரை அளவைக் கூட்டவும் வேண்டாம், வேறு தூக்க மாத்திரையை அதோடு சேர்க்கவும் வேண்டாம். நடுராத்திரி எழுந்து ஷெட்டுக்குப் போகும்போது தலை சுற்றி விழுந்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள் கால் குடைச்சலைப் பற்றி யாரும் உங்களிடம் கேட்டிருக்க மாட்டார்கள், நான் கேட்கிறேன். சாயந்திரத்துக்கு மேல்தான் வருகிறதா? சும்மா படுத்தால் அதிகமாகிறதா? உள்ளே ஏதோ ஊர்வது மாதிரி, காலை ஆட்டாமல் இருக்க முடியாத மாதிரி இருக்கிறதா? எழுந்து நடந்தால் குறைகிறது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். இதற்கு அமைதியற்ற கால் நோய் என்று பெயர். உடம்பில் இரும்புச்சத்து இருப்பு குறைந்தால் இது வரும். 46 வயதில், மாதவிலக்கு அதிகமாகப் போகிற பெண்களுக்கு இது சாதாரணம். ஹீமோகுளோபின் சரியாக இருந்தாலும் இருப்பு குறைந்திருக்கலாம், ஆகவே பெரிட்டின் என்ற ரத்தப் பரிசோதனையைக் கேட்டு எடுக்கச் சொல்லுங்கள். இருப்பு குறைவு என்று தெரிந்தால் இரும்பு மாத்திரையிலேயே இந்தக் குடைச்சல் பெருமளவு அடங்கிவிட வாய்ப்பு உண்டு. சாப்பாட்டோடு டீ குடித்தால் இரும்பு உடம்பில் சரியாகச் சேராது, டீயைக் குறைக்க அது இன்னொரு காரணம்.

வேறு சிலவற்றையும் பார்த்துவிட வேண்டும். நீங்கள் சத்தமாகக் குறட்டை விடுகிறீர்களா, நடுவில் மூச்சு நின்று திணறுகிறீர்களா என்று வீட்டுக்காரரிடம் கேளுங்கள். பி.பி.யும் இருப்பதால் கேட்கிறேன். மூச்சு நின்று நின்று வருகிற நோய் இருந்தால் அதற்குச் சிகிச்சை வேறு, தூக்க மாத்திரை அதற்குக் கெடுதல். உடம்பு திடீரென்று சூடேறி வியர்த்துக் கலைகிறதா? மாதவிலக்கு நிற்கிற வயதில் அது உண்டு. தைராய்டும் ஒரு தடவை பார்க்கலாம். பி.பி. மாத்திரை எந்த வகை, எந்த நேரம் போடுகிறீர்கள் என்பதையும் காட்டுங்கள். சிலது சிறுநீரைப் பெருக்கும், அதை ராத்திரியில் போட்டால் எழுந்து எழுந்து போக வேண்டியிருக்கும்.

எங்கே போவது? ஓசூர், கிருஷ்ணகிரிப் பக்கத்தில் இதற்கெல்லாம் நேராக பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனைக்குப் போகிற வழக்கம் இருக்கிறது. நல்ல இடம்தான், ஆனால் உங்கள் பிரச்சினைக்கு அவ்வளவு தூரம் வேண்டாம். உங்கள் வீட்டுக்காரர் சொல்வது சரி. தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது, காலையிலேயே போய் ஓ.பி. சீட்டு வாங்குங்கள். கிருஷ்ணகிரி மாவட்டத்தாருக்குப் போலுப்பள்ளியில் 2022-இல் திறந்த அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. அவ்வளவு தூரமும் அலைய முடியாதென்றால், மாவட்ட மனநலத் திட்டத்தின் குழு வட்ட மருத்துவமனைகளுக்குக் குறிப்பிட்ட நாட்களில் வருகிறது. பாலக்கோடு அரசு மருத்துவமனையில் எந்த நாள் என்று விசாரியுங்கள். மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பி.பி. மாத்திரை கொடுக்க வருகிற தன்னார்வலர் அம்மாவிடம் கேட்டாலும் சொல்வார். அந்தத் திட்டம் 2021 ஆகஸ்டில் தொடங்கியதே நம் பக்கத்தில், சாமனப்பள்ளியில்தான்.

பெண்ணின் வரன் பற்றிய பயம் எனக்குப் புரிகிறது. இங்கே உட்கார்ந்து அதைச் சொல்லி அழுத தாய்மார்கள் நிறையப் பேர். 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டப்படி, உங்கள் சிகிச்சையைப் பற்றி வெளியாருக்குச் சொல்லாமல் காப்பது மருத்துவரின் கடமை, அது உங்கள் உரிமை. அதையும் மீறி ஊர் கேட்டால், தூக்கம் வரவில்லை, ஆஸ்பத்திரிக்குப் போனோம் என்று சொல்லுங்கள். அது உண்மைதான், அதில் மறைக்க என்ன இருக்கிறது? கண் சிவந்து, யாரைப் பார்த்தாலும் எரிந்து விழுகிற அம்மாவை விட, சிகிச்சை எடுத்துத் தெளிந்த அம்மா பெண் பார்க்க வருகிற நாளில் வீட்டில் இருப்பது உங்கள் மகளுக்கு நல்லது.

இதைப் படிக்கிற, நைட் ஷிப்டு பார்க்கிற பிள்ளைகளுக்கு ஒரு சொல். உங்கள் தூக்கச் சிக்கல் வேறு வகை, வாரத்துக்கு ஒரு ஷிப்டு மாறுவதால் உடம்பின் கடிகாரம் குழம்புகிறது. மேலே சொன்ன பதினொன்று, ஐந்து கணக்கு உங்களுக்குப் பொருந்தாது. அதைத் தனியாக எழுதுகிறேன்.

சகோதரி, இன்று ராத்திரியிலிருந்து பழைய பள்ளிக்கூட நோட்டு ஒன்றில் எழுதத் தொடங்குங்கள். எத்தனை மணிக்குப் படுத்தேன், ஏறத்தாழ எப்போது தூங்கினேன், எத்தனை தடவை முழித்தேன், எப்போது எழுந்தேன், பகலில் தூங்கினேனா, டீ எத்தனை. ராத்திரியில் மணி பார்த்து எழுத வேண்டாம், காலையில் நினைவிலிருந்து குத்துமதிப்பாக எழுதினால் போதும். பெண்ணை எழுதித் தரச் சொல்லலாம். ஆனால் நோட்டு நிறையட்டும் என்று ஆஸ்பத்திரிக்குப் போவதைத் தள்ள வேண்டாம், இந்த வாரமே போங்கள். போகும்போது அந்த நோட்டையும், அல்பிராசோலம் அட்டையையும், பி.பி. மாத்திரையையும் ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள். வீட்டுக்காரரையும் உள்ளே கூட்டிப் போங்கள். நீங்கள் எனக்கு எழுதிய கடிதத்தின் கடைசி வரியை மருத்துவரிடமும் சொல்லுங்கள்.